காளானுக்கு இடி போட்டவர்

ஜவ்வாது மலையில் மேகத்தை நம்பாமல் சொந்தமாக இடி தயாரித்த மனிதர் ஒருவர்தான். ஜமுனாமரத்தூரில் எல்லோரும் அவரை இடி மெக்கானிக் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது கடைசிவரை என் காதில் விழவில்லை. அந்த இடி என் பைக்கிலிருந்து கிளம்பியது என்பதால், அவரைப் பற்றி எழுத எனக்கு முழு உரிமை உண்டு.

அப்போது எனக்கு அந்த ஊரில் அலுவலக வேலை. மலைப் பாதையில் ஏறி இறங்கி என் பைக்குக்கு வாரம் ஒரு வியாதி வரும். மெக்கானிக்கின் தகரக் கொட்டகை சந்தைக்குப் பின்னால் ஒரு மேட்டில் இருந்தது. இடம் வெள்ளச்சியக்காவுடையது. மேட்டுக்குக் கீழே இருந்த சாமை நிலமும் அவருடையதே. வண்டிகளில் இறக்கிய பழைய ஆயிலை மெக்கானிக் பல வருடங்களாகக் கொட்டகைக்குப் பின்னால் மண்ணில் ஊற்றி வந்தார். ஒரு மழையில் அது வழிந்து கீழே இறங்கி, ஓரத்துச் சாமையெல்லாம் கருகிவிட்டது.

அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார். "தே பாரு, அடுத்த மழத் தண்ணி எங் கொல்லைல ஆயில் கலர் காட்டிச்சின்னா, கொட்டாயப் பிரிச்சிக்கினு போய்க்கினே இரு!"

மெக்கானிக்குக்கு வேறு தொழிலும் தெரியாது, வேறு இடமும் கிடையாது. ஸ்பானரைத் தொடாமல் செல்போனில் எதையோ பார்த்தபடியே கிடந்தார். பிறகு ஒருநாள் வைக்கோல் கட்டும் காளான் விதைப் பையுமாகக் கண்ணமங்கலம் பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

"இன்னா மெக்கானிக், ஓட்டல் தொறக்கப் போறீங்களா?" என்றேன்.

"துன்றதுக்கு இல்ல சார். சிப்பிக் காளான். ஆயில் ஊறுன மண்ணுல வச்சா வெள்ளையா நூலு வுடும். அந்த நூலு ஆயில உடைச்சி சாப்ட்டுடுமாம். மண்ணு சர்வீசுக்கு வந்திருக்குதுன்னு வச்சிக்கோங்களேன்."

அன்றிலிருந்து எங்கள் வண்டிகள் அனாதையாயின. மண்ணோடு வைக்கோலைக் கலந்து பாத்தி கட்டி, ஈரச் சாக்கு போர்த்தி, குனிந்து குனிந்து பார்ப்பார். வெள்ளை நூல் லேசாகப் படர்ந்தது. காளான் தலை காட்டவில்லை. "கிக்கர ஒதச்சிக்கினே இருக்கேன், ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது சார்" என்று புலம்பினார். சந்தைக்கு வந்தவர்கள், "ஒரு பிளேட் காளான், காரமா!" என்று கேட்டுவிட்டு ஓடுவார்கள்.

ஒருநாள் பைக்கை எடுக்கப் போனேன். அது பாத்திக்கு முதுகைக் காட்டி நின்றது. சைலன்சரைக் காணோம்.

"கழட்டிட்டேன் சார். இடி இடிச்சாத்தான காளான் மொளைக்கும்? மேல மேகமே இல்ல. உங்க வண்டி சத்தந்தான் நல்லா கனமா இருக்குது."

சொல்லிவிட்டு ஆக்சிலேட்டரை முறுக்கினார் பாருங்கள். சந்தையில் கோழிகள் கூடையோடு புரண்டன. ஒரு பெரியவர் மழை வருகிறதென்று காயவைத்த புளியையெல்லாம் அவசரமாக அள்ளி மூட்டை கட்டிவிட்டு நிமிர்ந்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர் திட்டிய திட்டில்தான் இடி மெக்கானிக் என்ற பெயர் பிறந்தது. நான் கோபத்தில் நடந்தே வீடு போனேன். அதன் பிறகு காலையும் மாலையும் இடிதான்.

அந்த வாரமே காளான் முளைத்துத் தொலைத்தது! ஈரச் சாக்கும் மலைக் குளிரும்தான் காரணம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"பொறாமப்படாதீங்க சார். உங்க வண்டிக்கும் பாதிப் பேரு உண்டு" என்றார். யாரும் பறித்துவிடக் கூடாதே என்று ஒரு பலகையும் நட்டார்: 'ஆயில் குடித்த காளான். தின்றால் புகை வரும்.'

பிறகு நிஜ இடியோடு மழை வந்தது. மெக்கானிக் நனைந்துகொண்டே கீழே நிலத்துக்கு ஓடினார். நானும் குடையோடு பின்னால் போனேன். வெள்ளச்சியக்கா வரப்பில் தயாராக நின்றிருந்தார். சரிவில் செம்மண் தண்ணீர் இறங்கி வந்தது. மூன்று பேரும் குனிந்து அதையே பார்த்தோம்.

அக்கா ஒரு கை அள்ளி முகர்ந்தார். "வாசன கொஞ்சம் இருக்குது. ஆனா கலர் மெதக்கல. கொட்டாய் இருக்கட்டும். இனிமே மண்ணுல ஆயில் ஊத்தினா, உன்னயே அந்தப் பாத்தில நட்டுடுவேன்!"

"டிரம்முல புடிச்சி வைக்கிறேன் யக்கா" என்றவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கொட்டுகிற மழையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு வேலூருக்கு மாற்றல் வந்தது. கிளம்பும்போது சைலன்சரை மாட்டித் தந்தார். அது சரியாக உட்காரவில்லை, இன்றும் உறுமுகிறது. தெருவே திட்டுகிறது. அவர் மட்டும் அவ்வப்போது போன் செய்வார்.

"சார், மிச்ச வாசனையும் போவணும்னு புதுப் பாத்தி போட்டிருக்கேன். வண்டிய ஸ்டார்ட் பண்ணி போன கிட்ட வைங்க. நான் ஸ்பீக்கர்ல போட்டுக்கிறேன்."

முணுமுணுத்துக்கொண்டே வாசலுக்குப் போய் ஆக்சிலேட்டரை முறுக்குகிறேன். சைலன்சரை மாற்ற எவ்வளவு நேரம் ஆகிவிடும்? மாற்றத்தான் மனசு வரவில்லை.