புகையில்லா வீட்டுக்கு வந்த லாரிகள்

சிமெண்டு மூட்டையைக் கண்டால் கண்கலங்கும் ஓர் இனம் உலகத்தில் உண்டு. அதற்கு 'மண்வீட்டு மகான்' என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் புதுவீட்டுக்கு வருவார், பாயசம் குடிப்பார், கான்கிரீட் தூணைத் தடவிப் பார்ப்பார், "இந்த ஒரு தூணுக்கு சிமெண்டு ஆலை எவ்வளவு புகை விட்டிருக்கும் தெரியுமா?" என்று பெருமூச்சு விடுவார். அப்புறம் உங்களுக்குப் பாயசம் இறங்குமா?

எங்கள் அணுபுரத்து உலகநாதன் இந்த இனத்தின் திலகம். கல்பாக்கம் வேலையிலிருந்து 2006 கடைசியில் ஓய்வு பெற்றார். திருக்கழுக்குன்றம் சாலையில் வாங்கிய மனையில், சிமெண்டு வாசனையே படாத வீடு கட்டுவதாகச் சபதம் செய்தார். சபதம் அவருடையது, தவிப்பு மனைவி லோகநாயகியுடையது. அடுத்த மே முப்பத்தொன்றாம் தேதி குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்தாக வேண்டும். பால் காய்ச்சும் குண்டானைத் தவிர எல்லாப் பாத்திரத்தையும் அவள் சாக்கில் கட்டிவிட்டாள்.

சபதக்காரர் என்ன செய்தார்? சுண்ணாம்பை ராஜஸ்தானிலிருந்தும், ஓடுகளைக் கேரளத்திலிருந்தும், மூங்கிலை அஸ்ஸாமிலிருந்தும் வரவழைத்தார். செம்மண்? அதுவும் விழுப்புரத்துக்கு அப்பாலிருந்து. எல்லாமே இயற்கை. எல்லாமே லாரி. புகையில்லாத வீட்டுக்காக வந்த வண்டிகள் விட்ட புகையில் எதிர் டீக்கடைக்காரர் இருமி இருமி இளைத்துப்போனார்.

"மூங்கில் லாரி இப்ப எந்த மாநிலத்துலங்க நிக்குது?" என்பாள் லோகநாயகி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இன்னும் அஸ்ஸாமே தாண்டல. பூமிக்காகக் கொஞ்சம் பொறுத்துக்க மாட்டியா லோகு?"

"பூமி இருக்கட்டும். ஜூன் ஒண்ணாம் தேதி நான் எங்க இருக்கறது?"

மகான் லாரிக்காரருக்குப் போன் போடக் கிளம்பிவிடுவார்.

பொங்கல் கழிந்து, மேஸ்திரி அப்பாசாமி பொறுமை இழந்தார். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண் மனை மூலையில் மலையாகக் கிடந்தது.

"இன்னா சார், இங்கியே இம்மாம் செம்மண்ணு கீது. அத்த வுட்டுட்டு லாரிய பாத்துகினு கீறீங்க?"

"அது சாதாரண மண்ணுப்பா."

"மண்ணுல இன்னா சார் ஒசத்தி, தாழ்த்தி?"

அதற்குமேல் அவர் வாதாடவில்லை. இரண்டு மண்ணிலும் சுண்ணாம்பு கலந்து மண்ணுக்கொரு கல் செய்து, மூன்று வாரம் ஆறவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் போட்டார். மறுநாள் காலை விழுப்புரத்துக் கல் பாயசமாகியிருந்தது. மனைக் கல்லோ மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தது!

அன்றைக்கே மண் லாரிக்கு விடை கொடுத்தார்கள். மனை மண்ணில் சுவர் எழும்பியது. பக்கத்து ஊர்ப் பனைமரச் சட்டங்கள் கூரை தாங்கின. மே இருபத்தெட்டாம் தேதி, அந்தக் குண்டானில் பால் பொங்கியது. லோகநாயகி அழுதாள், இந்த முறை ஆனந்தத்தில். மூங்கில் ஜூன் பத்தாம் தேதி வந்து சேர்ந்தது. அதில் அவள் அவரைக்கொடிக்குப் பந்தல் போட்டுவிட்டாள்.

மகான் மட்டும் மாறினாரா? பால் காய்ச்சிய அன்று விருந்தாளிகளிடம், "உள்ளூர் மண்தான் உத்தமம்னு நான் ஆரம்பத்துலேருந்தே சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார்.

"ஆமா சார்," என்றார் அப்பாசாமி, "லாரி சத்தத்துல எனக்குத்தான் கேக்கல."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இன்று காலை, இயற்கையோடு இயைந்து வாழ ஒரே ஒரு மண்சட்டி வாங்குவதற்காக, செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் வரை தனியாகக் கார் ஓட்டிப் போய் வந்தது யார்? உங்கள் வாசலில் நிற்கும் வண்டியைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.