முட்டையும் கருப்பட்டியும் குடித்த கார்

என் தங்கை திரேசாவின் கல்யாணத்துக்கு அப்பா பேசி வைத்திருந்த டாக்சியை, அப்பாவின் கையெழுத்தைப் போட்டு நானே ரத்து செய்தேன். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். காருக்கு நேர்ந்த கதியைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு, இதை மட்டும் விழுங்கிவிடும் வழக்கம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். திருச்சியில் ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, வேலைக்காகக் குன்றாண்டார்கோவிலில் வீட்டோடு காத்திருந்தேன். (வேலை என்னைத் தேடி வரவில்லை, நானும் அதைத் தொந்தரவு செய்யவில்லை.) அப்பா அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். ஒருவரை நல்லவர் என்று அப்பா சொன்னால் சுற்றுவட்டாரம் முழுக்க அவர் நல்லவர். ஆகாது என்றால் ஆகாதுதான்.

அந்தக் கோடையில் திருமயம் பக்கத்தில் ஒரு செட்டியார் வீட்டு மகனுக்குப் பரீட்சைப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். அவன் எப்படியோ தேறிவிட்டான். அவர்கள் வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில், வைக்கோலுக்கு நடுவே, ஒரு கார் கிடந்தது. இரண்டே இருக்கை. நீண்ட மூக்கு. கூரை கிடையாது, மடக்கித் திறக்கும் கித்தான் இருந்திருக்கிறது, அதை எலிகள் தின்று முடித்திருந்தன. யுத்தத்துக்கு முன்னால் அவர்கள் உறவினர் ஒருவர் ரங்கூனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பந்தயக் கார். விரலை எச்சில் தொட்டு எஞ்சின் மூடியில் ஒரு கோடு இழுத்தேன். புழுதிக்கு அடியில் சிவப்பு! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"வேணுமா வாத்தியாரே? எடுத்துட்டுப் போங்க. கொட்டகை காலியானா நெல்லாவது போட்டு வைக்கலாம்," என்றார் செட்டியார்.

இரண்டு ஜோடி மாடு கட்டி, இரண்டு நாள் இழுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"இதுல யாரு ரெண்டு பேரு போறது?"

"யாரு வேணும்னாலும் போகலாம்மா."

"நாம நாலு பேரு இருக்கோமே?"

(அறிவியலால் பதில் சொல்ல முடியாத கேள்வி அது.)

அதன் பிறகு ஏழு மாதம் நான் பூமியில் இல்லை. எஞ்சினை ஒவ்வொரு திருகாகக் கழற்றினேன். எந்தத் திருகு எங்கே இருந்தது என்று குழம்பாமல் இருக்க அம்மாவின் இட்லித் தட்டுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு குழியிலும் ஒவ்வோர் அளவாக அடுக்கினேன். கொஞ்ச நாள் எங்கள் வீட்டு இட்லியில் மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. வால்வுகளைத் தேய்த்தேன், கரியைச் சுரண்டினேன், ஒரு நாளைக்கு மூன்று தடவை கையை நசுக்கிக்கொண்டேன். ஒரு மத்தியானம் எஞ்சினைக் கிளப்பும் முன்பக்கக் கைப்பிடியைச் சுழற்றியபோது அது இருமி, தும்மி, ஒரு தடவை உறுமியது. நான் தெருவுக்கு ஓடி, "ஓடுது! ஓடுது!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டார் பாம்பு என்று நினைத்துக் கம்போடு வந்தார்கள்.

ஒரே ஒரு குறை மிச்சம். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்த் தொட்டி, அதாவது ரேடியேட்டர், முள் குத்திய மாதிரி பத்து இடத்தில் கசிந்தது. ஈயம் வைத்தால் ஒரு பக்கம் அடைந்து மறுபக்கம் திறந்தது. அப்போதுதான் என் படிப்பு வேலை செய்தது. செட்டியார் வீட்டில் சுவர் பூசிய கொத்தனார் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டிப் பாகு சேர்த்ததைப் பார்த்திருந்தேன். "நூறு வருசம் ஆனாலும் ஒரு சொட்டுத் தண்ணி எறங்காது தம்பி," என்றிருந்தார். சுவருக்குள் இறங்காத தண்ணீர் ரேடியேட்டரிலிருந்து மட்டும் எப்படி இறங்கும்? சுண்ணாம்பு பித்தளையை அரிக்கும் என்று அதை மட்டும் விட்டுவிட்டு (ரசாயனப் பட்டதாரி அல்லவா!), பன்னிரண்டு முட்டையின் வெள்ளைக்கருவையும் ஒரு வட்டுக் கருப்பட்டிப் பாகையும் ரேடியேட்டருக்குள் ஊற்றினேன். கசிவு நின்றது! மூன்று நாள் ஊரைச் சுற்றினேன்; ஒரு சொட்டு இறங்கவில்லை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மிச்சப் பாகை ஒரு தகர டப்பாவில் ஊற்றி இருக்கைக்கு அடியில் வைத்தேன்.

அந்த வாரம்தான் திரேசாவின் கல்யாணம். பூசை ஆவூர்க் கோவிலில், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு. செவ்வாயில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், புதன்கிழமை சாம்பல் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஆறேழு வாரம் கழித்து வரும் பாஸ்கு, அதாவது ஈஸ்டர், வரை கல்யாணம் கிடையாது. பகல் பன்னிரண்டு அடித்துவிட்டால் பூசை தொடங்க மாட்டேன் என்று பங்குச் சாமியார் வேறு சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் நற்கருணை வாங்குகிறவர்கள் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது.

பெண்ணை அழைத்துப்போக அப்பா கீரனூர் காதர் பாயின் டாக்சியைப் பேசியிருந்தார். சுற்றுவட்டாரக் கல்யாணங்களுக்கெல்லாம் அவர்தான் வருவார். ஆறு மணி என்றால் ஐந்தே முக்காலுக்கு வாசலில் நிற்கும் மனிதர். "தம்பி, ஒங்க செவப்புக் குதிரை எப்ப ஓடும்?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

என் புத்தி போன போக்கைப் பாருங்கள். டாக்சி வராது. அப்பா தவிப்பார். நான் நிதானமாக வந்து, "கவலைப்படாதீங்கப்பா, நான் இருக்கேன்," என்பேன். கோவில் வாசலில் சிவப்புக் காரிலிருந்து மணப்பெண் இறங்குவாள். ஊரே வாயைப் பிளக்கும். கல்யாணத்துக்கு ஆறு நாள் முன்னால், "வேறு வண்டி ஏற்பாடாகிவிட்டது, தாங்கள் வர வேண்டியதில்லை," என்று பாய்க்கு ஒரு தபால் கார்டு எழுதி, அப்பாவின் கையெழுத்தைப் போட்டு, தபால் பெட்டியில் போட்டேன்.

அம்மாவும் உறவுக்காரர்களும் முதல் நாளே ஆவூருக்குப் போய்விட்டார்கள். திங்கட்கிழமை காலை வீட்டில் இருந்தது நாங்கள் மூன்று பேர். மணி ஆறானது, ஏழானது. அப்பா கோட்டும் தலைப்பாகையுமாக வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தார்.

"பாய் இப்படிப் பண்ண மாட்டாரே! என்னடா அந்தோணி இது?"

"கவலைப்படாதீங்கப்பா, நான் இருக்கேன்."

சொல்லிப் பார்த்து வைத்திருந்ததால் நன்றாகவே வந்தது.

திரேசா வெள்ளைப் பட்டும் முக்காடுமாக என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பாவுக்கு இருக்கை இல்லை. பின்னால் கித்தான் மடக்கும் மேட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தார். வழியில் இருந்தவர்கள் சப்பரம் வருகிறது என்று நினைத்தார்களோ என்னவோ, துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டார்கள். அழகுக்காக முன்கண்ணாடியைப் படுக்க வைத்திருந்தேன். காற்று முகத்தில் அடித்தது. அடடா! அந்தக் கால் மணி நேரத்தை இன்றைக்கும் என்னால் வெறுக்க முடியவில்லை.

திடீரென்று திரேசா நெளிந்தாள். தோளைக் குலுக்கினாள். முக்காட்டுக்குள்ளிருந்து விசும்பல் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"அழாத ஆத்தா," என்றார் அப்பா பின்னாலிருந்து, அவர் குரலும் தழுதழுக்க. "எங்க போயிறப் போற? இந்தா இருக்கு மாப்பிள்ளை வீடு."

"அழலப்பா! எறும்பு!"

இருக்கைக்கு அடியில் இருந்த கருப்பட்டி டப்பாவுக்கு இரவே ஊர் எறும்பெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. எஞ்சின் சூடேற, அவை மேலே ஏறிவிட்டன. அவள் அந்தச் சின்ன இருக்கையில் ஏறி நின்றுவிட்டாள்.

"நிறுத்துறியா, குதிக்கவா?"

நிறுத்த வேண்டிய அவசியமே வரவில்லை. கீரனூருக்கு இன்னும் ஒரு மைல் இருக்கும். ரேடியேட்டர் மூடி துப்பாக்கிக் குண்டு மாதிரி வானத்துக்குப் போனது. அதன் பின்னாலேயே பழுப்பு நிறத்தில் ஒரு நுரை ஊற்று கிளம்பி, படுத்திருந்த கண்ணாடியைத் தாண்டி, என் முகம், திரேசாவின் முக்காடு, அப்பாவின் தலைப்பாகை என்று ஒருவரையும் விடாமல் நனைத்தது. நல்லவேளை, முகத்துக்கு வருவதற்குள் காற்றில் பாதி ஆறிவிட்டது. வெந்த முட்டைத் துணுக்குகளோடு கமகமவென்று அதிரச வாசம். நள்ளிரவிலிருந்து பட்டினி கிடக்கும் அப்பா மேலும் திரேசா மேலும்!

"என்னடா இது?" என்றார் அப்பா, மீசையைத் துடைத்தபடி.

"முட்டைப்பா. கருப்பட்டியும் கொஞ்சம்."

"காருலயா?"

"பத்தே நிமிஷம்பா, சரி பண்ணிடுறேன்."

அந்தப் பத்து நிமிஷம் இரண்டு மணி நேரம் ஓடியது. நடுவில் ஒரு பஸ் வந்தது. அப்பா குடையை நீட்டினார். "இந்தா முடிஞ்சுருச்சுப்பா," என்று நான் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். பஸ் போய்விட்டது. கடைசியில் கிளப்பிப் பார்த்தேன், மறுபடி கொதித்தது; குளத்திலிருந்து பச்சைத் தண்ணீரைக் கொண்டுவந்து, கொதிக்கிற எஞ்சினில் அப்படியே ஊற்றினேன். (படித்தவன் செய்கிற காரியமா?) 'டக்' என்று ஒரு சத்தம். எஞ்சினின் இரும்பு குறுக்காகப் பிளந்துவிட்டது. மணி பத்தரை.

திரேசா சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. "அண்ணே, இன்னைக்குக் கல்யாணம் நடக்கலைன்னா அவங்க வீட்டுல என்னய என்ன சொல்லுவாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

நான் கீரனூருக்கு ஓடினேன். பஸ் நிற்கும் இடத்தில் ஒரே ஒரு கார் நின்றது. அதன் மேல் சாய்ந்துகொண்டு காதர் பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி கோலம்? மூஞ்சில என்ன, சட்னியா? இன்னைக்குப் பாப்பா கல்யாணம்ல?"

"வண்டியை எடுங்க பாய், சொல்றேன்."

"வேற வண்டி ஏற்பாடாயிருச்சுன்னு சார் கார்டு போட்டிருந்தாரே?"

நான் கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன். அவர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

புளியமரத்தடியில் வண்டி நின்றதும் அப்பா பாய்ந்து வந்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்று கேட்டேன்.

"ஒங்கள நம்பித்தானே பாய் இருந்தேன்! பொம்பளப் புள்ளைய நடுரோட்டுல உக்கார வச்சுட்டீங்களே! ஒரு சொல்லு சொல்லக் கூடாதா?"

பாயின் கை சட்டைப் பைக்குப் போனது. கார்டின் முனை வெளியே தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினேன். அவர் கார்டை உள்ளே தள்ளிவிட்டார்.

"மறந்துட்டேன் சார். மன்னிச்சுக்கங்க. பாப்பாவ ஏத்துங்க."

ஆவூர்க் கோவில் வாசலில் இறங்கியபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். பாட்டுப் பாடும் பெண் ஒருத்தியின் முக்காட்டை வாங்கித் திரேசாவுக்குப் போட்டார்கள். சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார். "கோவிலுக்குள்ள அதிரசம் கொண்டுவந்தது யாரு?" என்றார். கல்யாணம் நடந்துவிட்டது.

நான் தப்பித்துவிட்டேன். பாய்தான் மாட்டிக்கொண்டார். அப்பா அநியாயமாக ஒருவரைப் பேசுகிறவர் அல்ல. ஆனால் யார் கேட்டாலும், "காதர் பாயை நம்பாதீங்க, மறந்துருவாரு," என்றார், உண்மை என்று நம்பியே. பாஸ்கு முடிந்து சித்திரை, வைகாசி என்று கல்யாணங்கள் அடுத்தடுத்து வந்தன. எல்லாவற்றுக்கும் திருச்சியிலிருந்து வண்டி வந்தது. கீரனூர் வழியாகப் போகும்போதெல்லாம் காதர் பாயின் கார் அதே இடத்தில் நின்றது. நான் பஸ்ஸில் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன்.

நான்கு மாதம் அப்படித் திரும்பியிருந்தேன். ஒரு நாள் கழுத்து மறுத்துவிட்டது. இறங்கி அவரிடம் போனேன்.

"ஏன் பாய் அன்னைக்குச் சொல்லலை?"

"மணி பதினொண்ணு ஆயிருச்சு. கார்டை எடுத்தா நீங்களும் ஒங்க அப்பாவும் அங்கிட்டே நின்னு அடிச்சுக்குவீங்க. பூசை போயிரும்ல?" சட்டைப் பையிலிருந்து அந்தக் கார்டை எடுத்தார். ஓரம் நைந்திருந்தது. "என்கிட்ட மன்னிப்புக் கேட்டு என்ன தம்பி ஆவப்போவுது? இதைக் கொண்டுபோய் யார்கிட்டக் காட்டணுமோ காட்டுங்க."

காட்டினேன். அப்பா இரண்டு தடவை படித்தார். என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, "கெளம்பு," என்றார். கீரனூரில் இறங்கி, அத்தனை பேர் பார்க்க, காதர் பாயின் முன்னால் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நான் ஒங்களத் தப்பாப் பேசிட்டேன் பாய்." பாய் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். என்னை நாலு அறை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு அப்பா உத்தரவுப்படி, அவர் யார் யாரிடம் பேசினாரோ அத்தனை வீட்டுக்கும் சைக்கிளில் போனேன். "தப்பு பாய் மேல இல்லைங்க, என் மேலதான்," என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். நாலாவது வீட்டு அம்மாள் மோர் கொடுத்துவிட்டு, "பாவம் தம்பி, அந்த பாய்க்காக நீ இம்புட்டுத் தூரம் பழியை ஏத்துக்கிட்டு அலையிறியே, நல்ல மனசு," என்றாள். நான் மோரைப் பாதியில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

காரியத்தைச் சாதித்தது திரேசாதான். அவள் போகிற கல்யாணத்திலெல்லாம் பெண்களை உட்கார வைத்து, கார்டில் தொடங்கி எறும்பு, முட்டை, அதிரசம் வரை நடித்துக் காட்டினாள். என் நடை, என் குரல், என் 'பத்தே நிமிஷம்', ஒன்றையும் விடவில்லை. நான் சொல்லி நம்பாதவர்கள் அவள் சொல்லிச் சிரித்தபோது நம்பினார்கள். அடுத்து வந்த தை மாதத்திலிருந்து காதர் பாய்க்கு ஓய்வில்லை. எனக்கு மட்டும் பெண் கிடைக்க நாலு வருஷம் ஆனது. போன இடத்திலெல்லாம் கதை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

கடைசியில் கிடைத்த பெண் வீட்டார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: மாப்பிள்ளை காதர் பாய் வண்டியில்தான் வர வேண்டும். பாய் ஐந்தே முக்காலுக்கு வந்து நின்றார். பின் கதவைத் திறந்தார்.

"ஏறுங்க தம்பி. ஒக்காந்தாப் போதும். எதையும் தொடாதீங்க."

பூசை முடிந்து, நானும் என் மனைவியும் அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் படம் கூடத்தில் இன்னும் மாட்டியிருக்கிறது. அதில் நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருப்பேன். தாத்தாவுக்கு அவ்வளவு கூச்சமா என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். கூச்சமெல்லாம் இல்லை, சொன்ன சொல்லைக் கேட்டு உட்கார்ந்திருக்கிறார் என்பாள் என் மனைவி.