கோதண்டராமனுக்கு ஒயர் ஆகாது

"ஏங்க, காலையில போன கரண்ட்டு இன்னும் வரல. அவங்க ஆறு மணிக்கு வந்துடுவாங்க. இருட்டுலயா பொண்ணு பாப்பாங்க?"

தங்கம்மாள் கேட்டது நியாயமான கேள்வி. நியாயமான கேள்வி என்றாலே அவள் கணவர் கோதண்டராமனுக்கு எரிச்சல் வரும்.

வேங்கிக்காலில் அவர் ஆசையாகக் கட்டிய மாடி வீடு அது. மூன்று பேஸ் கரண்ட்டில் ஒன்று போய்விட்டதால் தெருவில் பாதி வீடு இருட்டு, பாதி வெளிச்சம். அவர் வீடு இருட்டில் சேர்ந்துவிட்டது. மாடியும் கருப்பாக இருந்தது. அங்கே குடியிருக்கும் வளவன் வேலையிலிருந்து வரவில்லை. பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் கூடத்தில் மட்டும் டியூப்லைட் பளிச்சென்று எரிந்தது.

"அந்தம்மாகிட்ட ஒரு ஒயர் கேளுங்களேன்."

"நானா?"

அந்த 'நானா'வுக்குக் காரணம் இருந்தது. போன மாசம் வளவன் மாடியிலிருந்து ஒரு ஒயரைத் தொங்கவிட்டான். கோதண்டராமன் தெருவே கேட்கப் பிரசங்கம் செய்தார். "வாசப்படியில ஒயர் போவக் கூடாது! விரிப்புக்கு அடியில விடக் கூடாது! ஒரே பாக்ஸ்ல எல்லாத்தையும் சொருகக் கூடாது! இன்னொரு தடவ ஒயரப் பாத்தேன், வீட்டைக் காலி பண்ணிடு!"

ரேணுகாம்பாள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று முழுவதையும் ரசித்தாள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளையின் அப்பா சின்னசாமி கீழ்பென்னாத்தூரில் பெரிய விவசாயி. யாரோ இரவல் வாங்கிப்போன மோட்டார் திரும்பி வராததிலிருந்து, இரவல் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. "இரவல் வாங்கற வீட்ல பொண்ணு எடுக்க மாட்டேன்" என்று தரகரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகள் ஆர்த்திக்கோ மாப்பிள்ளை கோபியின் போட்டோ ரொம்பவே பிடித்துப் போயிருந்தது. இந்த இடம் தவறினால் பெண் முகத்தில் எப்படி விழிப்பது என்று அப்பாவுக்கு உள்ளூர நடுக்கம்.

வேறு வழியில்லாமல் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

"ஒயரா? நீங்களா சார் கேக்கறீங்க?"

"அவசரம்மா. வர்றவங்களுக்கு மட்டும் தெரிய வேணாம்."

"தாராளமா எடுத்துக்கோங்க சார். நம்ம வீட்டு கரண்ட்டுதான்." ரேணுகாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒயர் அவள் ஜன்னலிலிருந்து கிளம்பி, இவர் ஜன்னலில் நுழைந்து, சரியாகக் கூடத்து வாசப்படியில் வந்து படுத்தது.

"வர்றவங்க கால் தடுக்குமே!" என்றாள் தங்கம்மாள்.

கோதண்டராமன் அதன்மேல் ஜமக்காளத்தை விரித்தார். கூடத்து விளக்கு எரிந்தது, டேபிள் ஃபேன் ஓடியது. சட்னி அரைபடவில்லை என்று மிக்ஸி வந்தது. புடவை கசங்கியிருக்கிறது என்று இஸ்திரிப் பெட்டி வந்தது. எல்லாம் ஒரே பாக்ஸில்.

"அப்பா, ஒரே பாக்ஸ்ல எல்லாத்தையும் சொருகக் கூடாதுன்னு நீங்கதான..."

"சும்மா இரும்மா. இன்னிக்கு ஒரு நாளைக்கு அது ஒண்ணும் பண்ணாது."

சின்னசாமி மகனோடு வந்தார். உட்கார எத்தனையோ இடம் இருக்க, ஒயர் போன இடமாகப் பார்த்துச் சம்மணம் போட்டார். கொஞ்ச நேரத்தில் நெளிந்தார்.

"இன்னாங்க, கீழ சூடா கீதே?"

"அக்னி ஸ்தலம் இல்லீங்களா! அண்ணாமலையார் ஊர்ல தரையே அப்படித்தாங்க." சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடிய கோதண்டராமன், இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டார். லேசாகப் பிளாஸ்டிக் கருகிய நாற்றம். வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாகத் திரும்பி வந்தார்.

சின்னசாமி அண்ணாமலையாரை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். "நல்ல எடம். யார்கிட்டயும் கை நீட்டாத குடும்பம்னு பாத்தாலே தெரியுது. பொண்ண வரச் சொல்லுங்க சம்மந்தி."

சம்மந்தி! கோதண்டராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆர்த்தி காபித் தட்டோடு அடுப்படியிலிருந்து கிளம்பினாள். மாடிப்படியில் யாரோ தடதடவென்று ஏறும் சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் விளக்கும் ஃபேனும் ஒன்றாக அணைந்தன.

எழுந்திருக்கக் கையை ஊன்றிய சின்னசாமிக்கு ஜமக்காளத்தின் அடியில் ஏதோ தட்டுப்பட்டது. தடவிக்கொண்டே போனவர் ஜன்னலில் போய் முட்டிக்கொண்டார்.

"ஒயரு! பக்கத்து வூட்டுக்குல்ல போவுது. கரண்ட்டே இரவலா சார்?"

சம்மந்தி அதற்குள் சாராகிவிட்டார். "டேய் கோபி, செருப்பப் போடு" என்றார் சின்னசாமி.

அப்போது மாடி ஜன்னலிலிருந்து வளவனின் குரல் பக்கத்து வீட்டைப் பார்த்துப் பாய்ந்தது.

"ரேணுகாக்கா! காலையில உங்களுக்கு விட்ட ஒயரப் புடுங்கிட்டேன்! மாடியில மட்டும் கரண்ட்டு இருக்குதுன்னு ஓனருக்குத் தெரியாது. ஒயரப் பாத்தாருன்னா என்னைக் காலி பண்ணிடுவாரு!"

முதலில் சிரித்தது ஆர்த்திதான். தட்டில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. பிறகு சின்னசாமி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, மாடியைப் பார்த்துக் கத்தினார்.

"தம்பி, திருப்பிச் சொருகுப்பா! சம்மந்தி ஒண்ணும் சொல்ல மாட்டாரு!"