வாலுக்குக் கட்டமில்லை

ஐந்தருவியில் நாளொன்றுக்கு நீராடுவோர் எத்தனை பேர் என்பதைக் கணினி வழியே தினந்தோறும் தெரிவிக்குமாறு தலைமையிடத்திலிருந்து ஆணை வந்தது. ஆணை வந்த அன்று அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அதைப் பற்றி ஆணையில் எதுவும் கேட்கப்படவில்லை.

தென்காசி நீராடல் புள்ளிவிவரப் பிரிவில் ஜெயசித்ரா ஆறு வருஷமாகத் தற்காலிக ஊழியர். இதைச் செய்து கொடுத்தால் வேலை நிரந்தரம் என்றார் அதிகாரி தாணுமாலயன். அவளும் பழைய டிவி ரிமோட்டின் முனையிலிருந்த குட்டி விளக்கைக் கழற்றி, அருவிக்குப் போகும் பாதையின் ஒரு பக்கம் வைத்தாள். அதன் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை எதிர்ப்பக்கம் ஒரு சென்சார் வாங்கிக்கொள்ளும். குறுக்கே யாராவது நடந்தால் கதிர் அறுபடும். சென்சாரிலிருந்து வயர் ஒரு ஓட்டை மவுஸின் பொத்தானுக்குப் போய், கணினியில் ஒன்று கூடும். மொத்தச் செலவு ரெண்டு சாப்பாட்டுக் காசு. தானே குறுக்கே நடந்து, திரையில் முதல் ஒன்று விழுந்ததைப் பார்த்தபோது அவளுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

மறுநாள் சாயங்காலம் திரையில் பதினோராயிரத்து நானூற்று எண்பத்திரண்டு. பதறி ஓடிப்போய்ப் பார்த்தாள். கைப்பிடிச் சுவரில் ஒரு குரங்கு ஒய்யாரமாக உட்கார்ந்து, கதிருக்குக் குறுக்கே வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அதிகாரியிடம் உள்ளதைச் சொன்னாள். அவர் ஆணையோடு வந்திருந்த எண்ணிக்கைப் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"ஏம்மா, இதுல வாலுக்குக் கட்டம் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப அம்புட்டும் ஆளுதான். உன் நிரந்தர ஃபைலும் இந்த மேசையிலதான் கெடக்கு, பாத்துக்கோ."

அவள் தட்டச்சு செய்தாள். எண்ணிக்கை கனிவான பார்வைக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. மூன்றாம் நாளே பாராட்டு வந்தது: 'அருவியில் நீரின்மை, நீராடுவோரின் ஆர்வத்தை எவ்வகையிலும் பாதிக்கவில்லை என்பது மகிழ்ச்சியுடன் கவனிக்கப்பட்டது. எனவே நீர்வரத்து குறித்த கோரிக்கைகள் யாவும் முடித்து வைக்கப்படுகின்றன.'

செய்தி வெளியே கசிந்தது. காய்ந்த பாறையில் பதினோராயிரம் பேர் குளிக்கிறார்கள் என்றால் சும்மாவா? புளியங்குடியிலிருந்து வேன் வேனாக வந்தார்கள். புளியறை தாண்டிக் கேரளத்துக் கார்கள் வந்தன. ஒருத்தி பாறையடியில் நின்று தலையைச் சிலுப்பி, 'உலர்குளியல்' என்று ரீல்ஸ் போட்டாள். ஒரே வாரத்தில் உலர்குளியலுக்கென்று தனித் துண்டு விற்பனைக்கு வந்துவிட்டது.

ஜெயசித்ராவால் பொறுக்க முடியவில்லை. ஃபைல் போனால் போகட்டும் என்று ஐந்தருவிக்கே வந்து, வரிசையில் நின்றவர்களிடம் குரங்கு வால் கதையைச் சொல்லிக்கொண்டே நடந்தாள். எல்லாரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஓரடி முன்னால் நகர்ந்தார்கள். வரிசையின் நடுவில், தலை நிறைய எண்ணெயும் தோளில் துண்டுமாக அவள் அம்மா ஆவுடைத்தாய்.

"எம்மா, அங்கன தண்ணியே கெடையாது. அந்தக் கணக்கு குரங்கு ஆட்டுன வாலு. நான்தான் டைப் அடிச்சு அனுப்புனேன்."

"ஏட்டி, அப்ப இம்புட்டு பேரும் கிறுக்கனுவளா? பேசாம நில்லு, பின்னால தள்ளுதாவ."

நெரிசலுக்குப் பயந்து குரங்கு எப்போதோ காட்டுக்குள் போய்விட்டிருந்தது. பின்னாலிருந்து தள்ளிய தள்ளில் ஜெயசித்ராவும் கதிரைத் தாண்டி உள்ளே போனாள். அன்று கருவி காட்டிய எண்ணிக்கையில் ஒரு பிழைகூட இல்லை.