பல்லுக்கு ஒரு சிபாரிசு

கதவு ஆவென்று திறந்து கிடந்தாலும், "உள்ள நமக்கு ஆள் இருக்கா?" என்று கேட்காமல் காலை எடுத்து வைக்காத ஓர் இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். தபால் தலை வாங்கவும் இவர்களுக்குத் தெரிந்தவர் வேண்டும். மழை வந்தால், மேகத்தில் சொந்தக்காரர் யாராவது இருக்கிறாரா என்று அண்ணாந்து பார்ப்பார்கள்.

இந்த இனத்தில் முதல் தரம் நம்ம 'சிபாரிசு'. பெற்றவர்கள் வைத்த பேர் அவருக்கே மறந்து போச்சு.

அவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. கன்னம் வீங்கி, அவர் திரும்புவதற்கு முன்னால் அது திரும்பியது. பல் டாக்டரோ எதிர்வரிசையில்தான்.

"ரோட்டைத் தாண்டினாப் போதும். போய்ப் பிடுங்கிட்டு வாங்களேன்," என்றாள் மனைவி.

"முன்னப் பின்னத் தெரியாதவன்கிட்ட வாயைக் குடுக்கச் சொல்றியா? நல்ல பல்லைப் பிடுங்கிடுவான்டி!"

மச்சானைப் பிடித்தார். மச்சான், டாக்டரின் காரைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கைப் பிடித்தார். இதற்குள் வீக்கம் தோள் வரைக்கும் குடி வந்துவிட்டது. மூன்று பேரும் ஊர்வலமாகப் போனார்கள்.

டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார். "அட, நம்ம மெக்கானிக் அண்ணன் ஆளா! உட்காருங்க, உட்காருங்க!"

டீ வந்தது. பிஸ்கட் வந்தது. குறடு மட்டும் வரவில்லை. யாரையும் தெரியாத அப்பாவிகள் வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்து, அழுதுகொண்டே உள்ளே வந்து, பஞ்சைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி போனார்கள்.

"டாக்டர், என் பல்லு..."

"நம்ம ஆளு வாயில எப்படிங்க குறடு வைக்கிறது? உங்களுக்கு வலிச்சா நாளைக்கு அண்ணன் மூஞ்சில நான் முழிக்க வேணாமா? பொறுங்க, தானா விழும்."

சிபாரிசு நைசாக நழுவினார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தார்.

அவர் முறை வந்தது. "யாருங்க நீங்க?" என்றார் டாக்டர், பாதி முகத்தைப் பார்த்து.

"யாருமில்லீங்க. எனக்கு யாரையும் தெரியாதுங்க. சத்தியமா!"

ஒரே இழுப்பு. பல் வெளியே.

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? வீட்டுக்கு வந்து மனைவியிடம் நெஞ்சை நிமிர்த்தினார்: "உனக்குப் பல்லு வலிச்சா சொல்லு. 'இவளை யாருக்குமே தெரியாது'ன்னு நானே கூட வந்து சிபாரிசு பண்றேன்!"

சிரிப்பு வருகிறதா? வரட்டும். ஆனால் இந்தப் பக்கத்தைத் திறந்ததும், எழுதினவன் நமக்குத் தெரிஞ்சவனா என்று மேலும் கீழும் பேரைத் தேடினீர்களே, அது எதற்காம்?