நொடி அண்ணன் கை வைத்த கடிகாரம்

ஏற்காட்டில் நொடி அண்ணனைப் போல வாய்க்கொழுப்புப் பிடித்த கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் முன்பும் இருந்ததில்லை, இனியும் பிறக்கப்போவதில்லை. "நான் கை வெச்ச கடிகாரம் ஒரு நொடி பிசகாதுங்க" என்று கடைக்குக் கடை சொல்லியே அந்தப் பெயர் வந்தது. சொந்தப் பெயரை அவர் வீட்டுக்காரம்மாவே மறந்திருப்பார்.

அடிவாரத்துக் குப்பனூரிலிருந்து பஸ் ஏறினால், மேலே வந்து இறங்குவதற்குள் கண்டக்டரோடு நேரத்துக்காக ஒரு சண்டை. ஒரு கல்யாணத்தில், மண்டபத்துக் கடிகாரம் முந்தி ஓடுகிறது, முகூர்த்தம் இன்னும் வரவில்லை என்று மேடையேறித் தடுத்தார். மாப்பிள்ளை தாலியும் கையுமாக முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்ணின் மாமன்கள் இவரை அலாக்காகத் தூக்கி வெளியே விட்ட பிறகுதான் மேளம் கொட்டியது.

நான் வரவேற்பில் உட்காரும் சின்ன ஆஸ்பத்திரியிலும், கரண்ட் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டரில் நேரம் பின்தங்கிவிடும். அண்ணன் வந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே, கரண்ட் இல்லாதபோதும் நேரத்தை ஓட்டும் வட்டப் பேட்டரியைப் பிடித்திருக்கும் தகடு பனி ஈரத்தில் துருவேறியிருந்தது. அதை ரப்பரால் தேய்த்து, புதுப் பேட்டரி போட்டு, இனி உலகம் அழிந்தாலும் இது தப்பாது என்று சொல்லிவிட்டுப் போனார். தப்பவும் இல்லை. என் செல்போனோடு தினமும் ஒத்துப் பார்த்தேன்.

அடுத்த வாரம் கிளியூர் மல்லிகாவின் புருஷன் எங்கள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவள் எஸ்டேட்டில் காப்பி பறிக்கிறவள், ரெண்டு சின்னப் பிள்ளைகள். நான் அச்சடித்துக் கொடுத்த சீட்டில் இருந்த நேரத்தை அவளுடைய பெரிய மாமனார் பஞ்சாங்கத்தில் பார்த்தார். ரேவதி நட்சத்திரத்தில் நேர்ந்த சாவு, வீட்டை ஆறு மாதம் அடைத்தே ஆகவேண்டும் என்றார். கெட்டவரில்லை. அடைக்காவிட்டால் அடுத்த சாவு பிள்ளைகளுக்கு வந்துவிடுமோ என்ற பயம்தான். கொஞ்சம் பிந்திப் போயிருந்தால் அசுவினி, தோஷமே இல்லை என்று அவரே சொல்லி அழுதார்.

ஆனால் அது வேலையாட்களுக்கு எஸ்டேட் கொடுக்கும் லைன் வீடு. பூட்டிக் கிடந்தால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"ஏனுங்க, புள்ளைகள வெச்சுக்கிட்டு நான் எங்கீங்க போவேன்?" என்று மல்லிகா என் மேஜை முன்னால் நின்று கேட்டாள். பெரியவரும் கூடவே வந்திருந்தார்.

பிரிண்டர் பார்க்க வந்திருந்த நொடி அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் திரையில் இருந்த நேரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்ப்பதற்குள் கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கினார். மேஜைக்கடியில் குனிந்து, பெரியவர் கண்ணில் படாமல் பெட்டிக்குள் கையை விட்டுப் பேட்டரியைக் கழற்றினார். மறுபடி போட்டபோது திரையில் எந்தக் காலத்திலோ கடந்துபோன பழைய வருஷம் ஒன்று வந்து நின்றது.

"பாருங்க பெரியவரே, செத்துக் கெடக்குது. அன்னிக்கே பிந்தித்தானுங்க ஓடியிருக்கும்."

"போன வாரந்தானப்பா நீ வந்து பாத்தே?"

அண்ணன் பெட்டியை மூடினார். "என்ற வேலைதானுங்க. சரியாச் செய்யலீங்க."

பெரியவர் வாயில் வந்தபடியெல்லாம் திட்டினார். திட்டி ஓய்ந்தபின், அப்படியானால் அசுவினிதான் என்று அவரே முடிவு சொன்னார். மல்லிகா பிள்ளைகளோடு அதே வீட்டில்தான் இருக்கிறாள்.

நொடி அண்ணன் கை வைத்த கடிகாரம் பிசகிய செய்தி மலை முழுக்கப் பரவிவிட்டது. எஸ்டேட் ஆபீஸ்காரர்கள் சேலத்திலிருந்து வேறு ஆளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருநாள் டீக்கடையில் நாலு பேர் அவரைக் கிண்டல் செய்ய, நான் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தேன். "மூச்சு உடாதீங்க" என்று மேஜைக்கடியில் என் காலை மிதித்தார்.

இப்போதெல்லாம் ஒன்றுமே பழுதாகாத வாரத்திலும், ஏதோ கோளாறு என்று அவருக்கு போன் போடுகிறேன். அவர் வந்து கொஞ்ச நேரம் எதிரில் உட்கார்ந்துவிட்டுப் போனால் எனக்கு மனசு நிறைந்துபோகிறது.