சுயாதீனக் கலைஞரின் அக்கா

உலக இசை வரலாற்றை இனி இரண்டாகத்தான் பிரிக்க வேண்டும்: செலியமேடு கலைவேந்தன் கிட்டார் வாங்குவதற்கு முன், வாங்கிய பின். அவர் 'சுயாதீன'க் கலைஞர். சினிமாவை அண்டமாட்டார். எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படமாட்டார். அக்கா செங்கமலம் போடும் சோற்றுக்கு மட்டும் கட்டுப்படுவார், அதுவும் சூடாக இருந்தால்.

அந்தச் சோறு, செங்கமலம் குத்தகைக்கு எடுத்த ஒரு காணி நெல்லில்தான் நின்றுகொண்டிருந்தது. தை மாதம் கதிர் முற்றி, அறுப்பு மெஷின் ஊருக்குள் வந்தது. மெஷினுக்கு முறை உண்டு. முறையை விட்டால் ஏம்பலம் பக்கம் போய்விடும். திரும்பி வரப் பத்து நாளாகும்.

அவள் முறை வந்த காலையில் கலைவேந்தன் வரப்பில் நின்று மறித்தார்.

"அறுத்துடாதக்கா. ஞாயித்துக்கெழம ட்ரோன் வருது. 'விவசாயியின் கண்ணீர்'னு பாட்டு. கதிர் ஆடணும்."

"மழ வருதுன்றாங்களேடா."

"வரட்டுமே. ஒரு ஃபீல் கெடைக்கும்."

மெஷின்காரர் தங்கவேல் பொறுமையிழந்தார். "இன்னாமா, அறுக்கட்டுமா, போவட்டுமா?"

வயலில் கால் வைத்தே அறியாத தம்பி வரப்பு வரை வந்திருக்கிறான். செங்கமலத்துக்குப் பாசம் கண்ணை மறைத்தது. "போய்ட்டு வாண்ணா" என்றாள்.

ஞாயிறன்று ட்ரோன் வரவில்லை. மழை சனிக்கிழமையே வந்துவிட்டது. மூன்றே நாளில் நெல் மொத்தமும் படுத்து, தண்ணீரில் முளைவிட்டது. செங்கமலம் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கலைஞர் உருகிப்போய்ப் போனில் பதிவு செய்தார். ஒரே ஒரு முறைதான் குறுக்கிட்டார்: "இந்தப் பக்கம் திரும்பி அழு அக்கா, வெளிச்சம் பத்தல."

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. அதன் 'தாக்கம்' சாமானியமானதல்ல, பெங்களூர் ஐ.டி. இளைஞர்கள் விவசாயிக்காக முழுதாக இரண்டு நிமிடம் நாற்பது நொடி வருந்தினார்கள். வில்லியனூர் மண்டபத்தில் பாராட்டு விழா. முதல் வரிசையில் செங்கமலம், கடையில் வாங்கிய அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெரிய பாடகர்கள் வழக்கப்படி கலைவேந்தன் பாட்டைப் பாதியில் நிறுத்தி, மைக்கைச் சபையிடம் நீட்டினார். "கதிரச் சாய்ச்சது யாரு? சொல்லுங்க, யாரு?"

அரசாங்கம் என்றார்கள் சிலர். பருவநிலை என்றார் ஒரு பேராசிரியர். மைக் அக்காவிடம் வந்தது.

"நீதான்டா" என்றாள்.

உடனே அறுநூறு பேரும் எழுந்து, கைதட்டித் தாளம் போட்டு, "நீதான்டா, நீதான்டா" என்று பாடினார்கள். கலைவேந்தன் கண்ணை மூடிக்கொண்டு அதற்குக் கிட்டாரில் சுருதி சேர்த்தார்.

அந்தப் பாட்டும் இப்போது வெளிவந்துவிட்டது. சொல், இசை, குரல் எல்லாம் கலைவேந்தன் என்று போட்டிருக்கிறது. செய்ததும் அவரே என்பதால் செங்கமலம் ஆட்சேபிக்கவில்லை.